தடுப்புக் கம்பிக்கு ஒரு பிணம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு சாலை வளைவுக்குத் தடுப்புக் கம்பி கேட்டு நெடுஞ்சாலை ஆபீஸுக்குப் போனோம். ‘கட்டுப்படியாகாது’ என்றது ஒரு மென்பொருள். எங்கள் குடும்பத்தில் தோல் வியாபாரம். கட்டுப்படியாகாது என்று சொல்லித்தான் நாங்கள் பேரத்தையே ஆரம்பிப்போம். இது அதைச் சொல்லி முடித்துவிட்டது.

2

பனி மூடிய அந்த அதிகாலையில், வளைவின்... (அடித்துவிட்டேன். இங்கே பனியைவிட லாரிப் புகைதான் ஜாஸ்தி.)

நேராகவே சொல்கிறேன். ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் அந்த வளைவில்தான் நிற்கிறார்கள். வேகமாக வரும் லாரிகள் திரும்ப முடியாமல் அவர்கள் பக்கம் இறங்கிவிடும். ஷூவின் மேல்பாகம் தைக்கிற அம்பரீன், கூட வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து கம்பெனியின் தோல் துண்டுகளை மூட்டை கட்டி அங்கே அடுக்கினாள். போன மாதம் ஒரு லாரி மூட்டைகளில் மோதி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

அதுதான் தப்பாகப் போயிற்று.

3

சாலைப் பொறியாளர் இளம்பரிதி நல்ல பையன். (கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.) மென்பொருள் ஓடும் திரையை அம்பரீனும் நானும் பார்க்கும்படி திருப்பினான்.

“எத்தினி சாவுன்னு கேக்குதும்மா. அங்க ஜீரோ. அப்ப கம்பி போட்டா காப்பாத்துற உயிரும் ஜீரோ. செலவு மட்டும்தான் நிக்குது.”

“நாங்க மூட்ட வெச்சதாலதான சார் யாரும் சாவல?” என்றாள் அம்பரீன்.

“மூட்டைக்கு இதுல கட்டம் இல்லயே. அதுவே ரோட்டோர இடைஞ்சல். திங்கக்கெழம எடுத்துருவாங்க.”

“எடுத்துட்டா?”

“அப்புறம் ஏதாச்சும் ஆச்சுன்னா கம்பி வந்துரும்மா.” சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

“யார அனுப்பட்டும், நீங்களே சொல்லுங்க சார். ஷிஃப்ட் மாத்திக்கிறோம்.”

நான் பேரத்தில் இறங்கினேன். “தம்பி, மோதி நின்ன லாரிய அரைச் சாவுன்னு போடேன்.”

“அரை எடுக்காது பாய்.”

4

இந்தக் கதைக்கு முடிவுகள். ஒன்று: அம்பரீன் சாகிறாள், கம்பி வருகிறது. நீங்கள் உச்சுக் கொட்டுவீர்கள். இரண்டு: பெயரில்லாத ஒருத்தி சாகிறாள். உங்களுக்கு வலிக்காது. மென்பொருளுக்கும்தான் வலிக்கவில்லை. மூன்று: இளம்பரிதி ஜீரோவை ஒன்றாக்கி... (மாட்டேன். பொய் எழுதினால்தான் உயிர் மிஞ்சும் என்றால், அந்தக் கட்டங்களை வரைந்தவன் சட்டையையல்லவா பிடிக்க வேண்டும்?)

கதையும் அந்த மென்பொருளைப் போலவே பிணம் கேட்கிறது. கேட்பது யார்? நீங்கள்தான். எந்தச் சாவும் இல்லாத வளைவை எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள்?

5

திங்கட்கிழமை. மூட்டைகளை வாரிக்கொண்டு வண்டி போய்விட்டது. டிபன் பையோடு அம்பரீன் நிற்கிறாள்.

“இன்னா பாய், என்னை இன்னா பண்ணப் போறீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணமாட்டேம்மா.”

“ஆபீஸ்லயும் அதத்தான் சொன்னாங்க.”

பஸ் வரவில்லை. ஒரு லாரி வருகிறது. அடுத்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. கம்பி வேண்டுமென்றால் பிணத்தை நீங்கள் போடுங்கள். மனசு வரவில்லையென்றால், ஆளுக்கொரு மூட்டை தூக்கிக்கொண்டு, அந்த லாரி திரும்புவதற்குள்