எரிவு நின்ற கால்

இன்னாசித்தம்பிக்கு அன்று தலைகால் புரியவில்லை. நேர்த்திக்கடனுக்காக மாம்புரியிலிருந்து தலவில அன்னம்மாள் கோயில் வரை வெறுங்காலோடு நடந்து வந்திருந்தார். ஓகஸ்ட் வெயிலில் தார் கொதித்தது. கூட வந்தவர்கள் ஐயோ, ஆத்தே என்று நிழலுக்கு நிழல் ஓட, அவர் மட்டும் மாப்பிள்ளை போல நடுறோட்டில் நடந்தார்.

"பாத்தியா எமிலியா, ஒரு சூடும் தெரியேல்ல. எல்லாம் அன்னம்மாட புதுமை."

மனைவி எமிலியா "ஓம், ஓம்" என்றாள். காலையிலிருந்து இதே கதைதான்.

போன வருசம் முழுக்க அவருடைய பாதங்கள் நெருப்பில் வைத்தது போல எரிந்தன. சீனி வருத்தம், நீரிழிவு என்று சொல்லி கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள். அதற்கு அடங்காத எரிவு, அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றே போனது. அவர் குளிசையையும் நிறுத்திவிட்டார். தாயே சுகம் தந்த பிறகும் குளிசை விழுங்கினால் அவளை நம்பவில்லை என்றல்லவா ஆகிவிடும்!

கோயிலுக்குள் கும்பிட்டுத் திரும்பியபோது வெள்ளைத் தரையில் இரத்தத்தைக் கண்டார். காலடி காலடியாகப் பதிந்திருந்தது.

"ஆரோ பிள்ளையிட கால் வெட்டுப்பட்டுப்போச்சு!"

அவருக்கு மனம் கேட்கவில்லை. சுவட்டைப் பிடித்துக்கொண்டு போனார். மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் இரத்தம், அன்னம்மாள் சுரூபத்தின் காலடியில் இரத்தம், தூணடியிலும் இரத்தம். "இவ்வளவு ஓடுது, பெத்ததுகள் எங்க பராக்குப் பாக்குதுகள்?" என்று சத்தம் போட்டு ஏசினார். சனம் விலகி நின்று அவருடைய காலைப் பார்த்தது.

"இஞ்சாருங்க!" எமிலியா வீரிட்டாள். "உங்கட கால்!"

தூணைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கால் தோல் உரிந்து தொங்கியது. குதிக்காலில் ஒரு தூண்டில் முள் ஆழ இறங்கியிருந்தது. வெளியே தெரிந்த அதன் தலைப்பில் நீலத் தங்கூசி நூல் துண்டு. நேற்றுக் கரையில் தூண்டில் கட்டும்போது ஏறியிருக்க வேண்டும். அதோடு படுத்து எழும்பி, அதோடே இவ்வளவு தூரமும் நடந்திருக்கிறார்.

முதலுதவிக் கூடாரத்தில் டொக்டர் ரம்ஸியா முள்ளை வெட்டி எடுத்தார். யாருடையதோ கால் என்பது போல இன்னாசித்தம்பி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடுங்க ஐயா. ஊசியால தொடுவன், குத்தினா சொல்லுங்க."

மூடினார். காத்திருந்தார். வெளியே பாட்டுச் சத்தம் கேட்டது.

"குத்துங்கவன் டொக்டர். நான் பயப்பட மாட்டன்."

கண்ணைத் திறந்தார். எமிலியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெருவிரலிலிருந்து குதி வரை சின்னச் சின்ன இரத்தப் பொட்டுகள்.

"எரிவு சுகமாகி நிக்கல்ல ஐயா," என்றார் டொக்டர். "சீனி ஏறி நரம்பு செத்துப்போச்சு, அதான் நிண்டது. மத்தக் காலும் இப்படித்தான். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இந்தக் காலக் காப்பாத்த ஏலுமான்னு அங்கதான் பாக்கணும்."

இதற்கு நன்றி சொல்லவா இவ்வளவு தூரம் நடந்தார்!

இரண்டு பேர் தூக்கி அவரை ஓட்டோவில் ஏற்றினார்கள். கோயில் மணி அடித்தது. அவர் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினார்.

"தாயே, அந்த எரிவைத் திருப்பித் தா."