துருசடியில் நாலு பேர்

கிருசாந்தன் வியாழக்கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். ஆகவே மூன்று வருட விளையாட்டை இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடித்தாக வேண்டும். அதிலும் நாலு பேரையும் உயிரோடு ஊர் சேர்த்துத்தான் முடிப்பேன் என்று சிறாஜ் ஒற்றைக்காலில் நின்றான்.

விளையாட்டு என்றால் கிரிக்கெட் இல்லை. மேசையைச் சுற்றி இருந்து கதையாலே விளையாடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, இந்த இடத்தில் நான் இதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டை தீர்மானிக்கும். சிறாஜுக்குக் கொழும்பில் படித்த காலத்தில் பிடித்த பைத்தியம் இது. முல்லைத்தீவில் வாப்பாவின் கடைக்கு வந்த பிறகும் தெளியவில்லை. முள்ளியவளையில் தாட்சாயினி கணக்குப் படிப்பிக்கும் ரியூசன் கொட்டிலில், ஞாயிறு பின்னேரங்களில், அது இன்னும் நாலு பேருக்குத் தொற்றியது. தாட்சாயினி மந்திரக்காரி. பஸ் ஓட்டும் செந்தூரன் வாள்வீரன். ஜெயரூபி மருத்துவச்சி. அவளுடைய தம்பி கிருசாந்தன் சுவர் ஏறும் கள்ளன்.

திட்டம் போடுவதில் இவர்களை விட்டால் ஆள் இல்லை. ஒரு பாலத்தைக் கடக்க ஒன்றரை மணித்தியாலம் கதைப்பார்கள். கயிறு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, ஆர் முன்னுக்கு, ஆர் பின்னுக்கு. சுமை தூக்குகிற கழுதைக்குப் பெயர் வைக்க மட்டும் அரை மணித்தியாலம் சண்டை. அதுவரை பாலத்துப் பூதம் பாவம், கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்கும்.

ஆனால் ஒரு கெட்ட பழக்கம். எங்கே போனாலும் இரண்டாகப் பிரிந்துதான் போவார்கள். கூட்டத்தைப் பிரிக்காதே என்பது இந்த விளையாட்டின் அரிச்சுவடி. சிறாஜ் முதல் வாரமே சொன்னான். செவிடன் காதில் ஊதிய சங்கு. அதிலும் அக்காவும் தம்பியும் ஒருநாளும் ஒரே பக்கம் போனதில்லை.

அதற்காகவே கடைசிக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தான். வற்றிய குளத்தின் அடியில் ஒரு கல்நாகம் படுத்திருக்கிறது. பக்கத்தில் மேல்குளத்துத் தண்ணீரை மறிக்கும் ஒரு துருசுக் கதவு, அதில் நாலு பிடி. நாலையும் நாலு பேர் ஒரே நேரத்தில் திருப்பினால் அடைபட்ட தண்ணீர் பாய்ந்து நாகத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். இனி எப்படிப் பிரிவார்கள் பார்ப்போம் என்று, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கதையின் கடைசி வரியைக்கூட எழுதிவிட்டான்.

ஞாயிறு பின்னேரம் விளையாட்டு அந்தக் கதவடிக்கு வந்தது. "கதவில நாலு பிடி கிடக்கு," என்றாள் தாட்சாயினி.

"அப்ப ரெண்டு பேர் உள்ளுக்குப் போங்கோ. ரெண்டு பேர் வெளியில நிப்பம்," என்றான் செந்தூரன்.

சிறாஜ் நாலு விரலை விரித்துக் காட்டினான். "அண்ணை, நாலு பிடி. நாலு."

"விளங்குது தம்பி. நாலு பேரும் ஒரே கிடங்குக்குள்ள இறங்கினா ஒரு அடியில எல்லாம் முடிஞ்சுது. ஆராவது மிஞ்ச வேணும்."

கழுதையின் பெயருக்குச் சண்டை பிடித்தவர்கள் இதற்கு ஒரு சொல் எதிர்த்துச் சொல்லவில்லை. தாட்சாயினி பேப்பரில் படம் கீறினாள்: ஒரு ஆள் இரண்டு பிடிக்குக் கயிறு கட்டி இழுக்கலாம். கள்ளனும் மந்திரக்காரியும் உள்ளே. வாள்வீரனும் மருத்துவச்சியும் வெளியே. நல்ல திட்டம். பலிப்பதற்குப் பதினேழுக்கு மேல் விழ வேண்டும்.

கதை நடத்துபவர் ஒரு மட்டையை மறைப்பாக வைத்து, அதற்குப் பின்னால் கட்டையை உருட்டி, வேண்டியபோது மூன்றைப் பதினெட்டு என்று சொல்லிவிடலாம். உலகம் முழுக்க அப்படித்தான். இங்கே அதற்கும் வழியில்லை. முதல் நாளே கிருசாந்தன் அந்த மட்டையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டான். "எங்களுக்குத் தெரியாமல் எங்களைப் பற்றி ஒண்டும் முடிவெடுக்கேலாது," என்றான். அன்று தொடக்கம் கட்டை உருட்டுவதெல்லாம் பிஸ்கட் ரின் மூடியில், எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால்.

கிருசாந்தன் உருட்டினான். நாலு.

கயிறு வழுக்கியது. கல்நாகம் கண் திறந்தது.

சிறாஜ் செய்யக்கூடாததைச் செய்தான். கதை நடத்துபவன் வாய் திறக்கக்கூடாத இடத்தில் திறந்தான். "வெளியில நிக்கிற ரெண்டு பேரும் இப்ப ஓடி வந்தா இன்னும் நேரம் இருக்கு. நாலு பேரும் பிடிச்சா உருட்டவே தேவையில்லை. ஜெயரூபி, அது உங்கட தம்பி."

ஜெயரூபி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வராதை அக்கா," என்றான் கிருசாந்தன். பயமோ கோபமோ இல்லாமல், கடைக்குப் போகவேண்டாம் என்பதுபோலச் சொன்னான்.

"நான் போகேல்லை," என்றாள் அவள்.

இனி நாகத்தின் முறை. அதற்கு உருட்ட வேண்டியவன் சிறாஜ். கட்டையைக் கையில் எடுத்தான். யா அல்லாஹ், இரண்டு விழட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினான். பத்தொன்பது விழுந்தது.

மந்திரக்காரியும் கள்ளனும் செத்தார்கள்.

"என்ன பேய்ப் பழக்கம் இது?" சிறாஜ் கத்தினான். "ஒண்டாப் போயிருந்தா நாலு பேரும் தப்பியிருப்பியள்!"

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவனுடைய வீட்டார் பதினொரு பேரும் ஒரே லொறியில் புத்தளத்துக்குப் போனவர்கள். பிரியாமல் இருந்தால் பிழைக்கலாம் என்பது அந்த வீட்டுப் பாடம்.

ஜெயரூபி பிளேன்ரீ ஊற்றி அவன் பக்கம் தள்ளினாள். "கடைசிச் சண்டை நேரம் அம்மா என்னை மாமான்ர ட்ரக்டரில ஏத்திவிட்டுட்டு, இவனைக் கையில பிடிச்சுக்கொண்டு மற்றப் பாதையால நடந்தவா. எனக்குப் பதினொரு வயசு. நாங்கள் ரெண்டு பேரும் மிஞ்சினம். அம்மா மிஞ்சேல்லை. அவா போட்ட திட்டம் பிழையே?"

தேத்தண்ணி சுட்டது, சிறாஜ் அப்படியே குடித்தான்.

"ரெண்டு பேர் மிச்சம். நல்ல விளையாட்டு," என்று செந்தூரன் எழுந்து சோம்பல் முறித்தான். செத்துப்போன தாட்சாயினி சிரித்துக்கொண்டே மூடியைத் துடைத்தாள். அவர்கள் ஒருவருக்கும் கவலை இல்லை. தோற்றவன் சிறாஜ் மட்டும்தான்.

"கொப்பியைத் தாங்கோ, நாளைக்குப் போட்டோக்கொப்பி அடிப்பம்," என்றாள் ஜெயரூபி. "ஒண்டு தம்பியோட போகட்டும், ஒண்டு இஞ்ச கிடக்கட்டும். எல்லாத்தையும் ஒரு இடத்தில வைக்கக் கூடாது."

பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள். 'நாலு பேரும் ஒன்றாக ஊர் திரும்பினார்கள்.' இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கொப்பியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்பிடி எழுதினா இஞ்ச ஒருத்தரும் நம்பமாட்டினம், சிறாஜ்."

அவன் பேனையை எடுத்தான். 'நாலு' என்பதை வெட்டி மேலே 'இரண்டு' என்று எழுதினான். 'ஒன்றாக' என்ற சொல்லையும் வெட்டுவதா விடுவதா என்று தெரியாமல் பேனையைப் பிடித்தபடி இருந்தான். கிருசாந்தன் வாசலில் நின்று, பஸ் வருகிறது என்று கூப்பிட்டான்.