அழுக்கு கேட்டுப் போன லாண்ட்ரி அக்கா

லாண்ட்ரி அக்காவை உங்களுக்குப் பிடிக்கும், கண்ணுகளா. ஒரு சட்டைக் காலரில் கறை மிச்சமிருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கேயும் தரையில் முகம் பார்க்கலாம். அப்படிப்பட்டவள் வீட்டுக் கூடத்தில் ஒரு புதுக் கண்ணாடித் தொட்டி, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துக் கலங்கி, கூழ்முட்டை நாற்றம் அடித்துக்கொண்டு நின்றது என்றால் நம்புவீர்களா?

தொட்டிக்குள் ஒரே ஒரு தங்கமீன். அது அவளுடைய அண்ணன் வளர்த்தது. அண்ணன் லாரி ஓட்டுகிறவர், தனிக்கட்டை. வேலை முடிந்து வந்தால் பேச்சுத்துணைக்கு இந்த மீன்தான். வயதில் மூத்த மீன் என்பதால் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர். முட்டி ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி போகும்போது பெரியவரை வாளியில் வைத்துத் தங்கையிடம் கொடுத்தார்.

"எனக்குன்னு இருக்கிறது இவர்தான். உன்னை நம்பித்தான் போய்ப் படுக்கப்போறேன்."

கூடவே பழைய ஃபில்டரையும் கொடுத்தார். அதற்குள் இருந்த ஸ்பாஞ்சை எடுத்துப் பார்த்த அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு பழுப்பு, அப்படி ஒரு வழவழப்பு. சும்மா விடுவாளா? வெந்நீரில் சலவைத்தூள் கலந்து ஊறவைத்தாள். கசக்கினாள், அலசினாள், புத்தம் புதுசாக்கி மாட்டினாள்.

கொஞ்ச நாளிலேயே தண்ணீர் கலங்கியது. மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் பிடித்தாள். ஸ்பாஞ்சை மறுபடி துவைத்தாள். மறுபடி கலங்கியது. மறுபடி துவைத்தாள். அவள் துவைக்கத் துவைக்க நாற்றம்தான் ஏறியது.

ஒரு காலையில் அக்கா போட்ட சத்தத்தில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தார் வீட்டுக்காரர். ஒல்லியான, நெட்டையான மனிதர். தெருவே அவரை 'ஹேங்கர்' என்றுதான் கூப்பிடும்.

"என்னங்க, பெரியவர் மேலேயே நின்னு வாயை வாயைப் பிளக்கிறார்!"

"பசியா இருக்கும்மா."

"இந்த நாத்தத்துல யாருக்குங்க பசிக்கும்?"

அந்த நேரம் பார்த்து அண்ணனின் போன். "அடுத்த வாரம் விட்டுருவாங்களாம் தங்கச்சி. நேரா உன் வீட்டுக்குத்தான் வர்றேன். பெரியவர் என்ன பண்றார்?"

"மேல... மேல வந்து வேடிக்கை பார்க்கிறார்ண்ணே" என்று சொல்லிப் போனை வைத்தாள் அக்கா.

அழுதுகொண்டு உட்கார நேரம் ஏது? பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. மற்ற நாளில் வாசலிலேயே கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். அன்றைக்குத்தான் உள்ளே போனாள். காத்திருக்கிற இடத்தில் ஒரு மீன் தொட்டி! ஒரு கூட்டமே குஷியாக நீந்துகிறது! கோட்டுகளோடு சிகிச்சை அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டாள்.

"டாக்டரம்மா! நீங்க எந்த சோப்பு போடுறீங்க?"

"எதுக்குக்கா?"

"மீன் தொட்டிக்கு!"

டாக்டரம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "நீங்க போடுறீங்களா?"

"தொட்டிக்கு வெறும் தண்ணிதான். ஸ்பாஞ்சுக்குத்தான் சலவைத்தூள். வெந்நீர்ல, தினமும்!" இதைச் சொல்லும்போது அக்காவுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"அடக் கடவுளே! அந்தப் பழுப்புலதான்க்கா உயிரே இருக்கு. மீனோட கழிவு விஷமாகாம பார்த்துக்கிற நுண்ணுயிருங்க. கண்ணுக்குத் தெரியாது. நீங்க தினமும் அதுங்களைக் குடும்பத்தோட துவைச்சுப் பிழிஞ்சிருக்கீங்க!"

"ஐயையோ! இப்ப என்ன செய்யறது?"

"அழுக்கு வேணும். நல்லாப் பழகின தொட்டியோட அழுக்கு."

ஊர் அழுக்கையெல்லாம் போக்கி அனுப்புகிறவள் அப்படியே கைகூப்பினாள். "கொஞ்சம் அழுக்குக் கொடுங்க டாக்டரம்மா, புண்ணியமாப் போகும்!"

நாற்காலியில் பாதி வாய் மரத்துக் கிடந்தவர் தலையைத் தூக்கினார். "என் சட்டைல... நிறைய இருக்குக்கா. எப்பவும் நீங்கதான்... திட்டுவீங்க."

டாக்டரம்மா தன் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்தாள். கூடவே குழாய்த்தண்ணீரில் இருக்கிற குளோரினை முறிக்கிற மருந்து ஒரு குப்பி. "இது காயக்கூடாது, குழாய்த்தண்ணி படக்கூடாது. தொட்டித் தண்ணியை மொத்தமாக் கொட்டாதீங்க. கொஞ்சம் எடுத்துட்டு, மருந்து கலந்த தண்ணியை ஊத்துங்க, அது போதும். நாத்தத்துக்குக் காரணம் எங்கேயாவது அழுகிக் கிடக்கும், தேடுங்க. ஓடுங்கக்கா!"

ஓடினாள்! பை சொட்டச் சொட்டத் தெருவில் ஓடினாள்.

"கையில என்னக்கா?"

"அழுக்கு! வழியை விடுங்க!"

ஃபில்டருக்குள் அதைப் பத்திரமாகச் செருகினாள். அப்புறம் வேட்டை. தொட்டியின் அடியில் பரப்பிய கல்லைக் கிளறினாள், ஒன்றுமில்லை. தினமும் வெளியே மட்டும் தேய்த்து வைத்த பொம்மைக் கோட்டையைத் தூக்கிக் கவிழ்த்தாள். பொதக்கென்று விழுந்தது ஊறி அழுகிய தீனி, ஒரு கைப்பிடி! மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். ஹேங்கர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

"பாவம் வாயைத் திறக்கிறாரேன்னு... அப்பப்ப ஒரு சிட்டிகை..."

"இதுவா சிட்டிகை? உங்க கை நீளம், சிட்டிகையும் நீளமோ?"

அதற்கப்புறம்தான் கண்ணுகளா, பெரிய சோதனை. கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அக்காவால் முடிகிற காரியமா?

"என்னங்க, அந்த ஓரத்தை மட்டும் லேசா..."

"தொட்டே, மச்சான்கிட்ட சொல்லிடுவேன்!"

"நீங்க தீனி டப்பாவைத் தொட்டாலும் சொல்லுவேன்!"

ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். கை அரித்தபோதெல்லாம் அக்கா ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தாள். பாவம், அந்தத் திரைகள் நூலாகிப் போயின. முதலில் நாற்றம் போனது. அடுத்து, பெரியவர் மேலே வாயைப் பிளப்பதை விட்டுவிட்டு அடியில் இறங்கிக் கல்லை மோந்தார். தண்ணீர் மட்டும் பால்போலவே நின்றது.

ஒரு காலை, தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஹேங்கர் கத்தினார்.

"ஏய், உன் மூக்கு தெரியுது!"

"உங்க பல்லு தெரியுதுங்க!"

இரண்டு பேரும் கண்ணாடியில் முகத்தை அழுத்திக் குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள். நடுவில் பெரியவர் தகதகவென்று ஒரு வட்டமடித்தார். அக்கா உடனே அண்ணனை வீடியோவில் கூப்பிட்டுப் போனைத் தொட்டிக்கு நேரே பிடித்தாள்.

அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து உற்றுப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தங்கச்சி, தண்ணி எங்கே? அவர் ஏன் அந்தரத்துல நிக்கிறார்?"