குறையாத உப்பு ஜாடி

எந்த மெஷினில் எந்த நட்டு ஆடுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுகிற பாண்டிதுரை, ஒரு கிலோ உப்பு வாங்க முடியாமல் ராஜபாளையத்துக் கடைகளில் ஏறி இறங்கினான். மில் ஃபிட்டருக்கு வந்த சோதனை.

“அயோடின் இல்லாத உப்பா? அயோடின் இல்லன்னாத்தான தைராய்டு வரும்? ஒனக்கு எந்த டாக்டரு சொன்னாரு?” என்று ஒரு மளிகைக்கடைக்காரர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கடைக்காரரிடம் காட்ட முடியாத கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து முனீஸ்வரியிடம் காட்டினான். கட்டிய பெண்டாட்டியிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவான்?

முனீஸ்வரிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கழுத்திலிருந்த கட்டியைத் தைராய்டு சுரப்பியோடு சேர்த்து மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தார்கள். கட்டி நல்ல கட்டி இல்லை. மிச்சம் மீதி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கருக்க அயோடின் மருந்து ஒன்று கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு வாரம் உடம்பு அயோடினுக்குப் பட்டினி கிடக்க வேண்டும், பட்டினி கிடந்தால்தான் மருந்தை அள்ளி விழுங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தினமும் போட்ட தைராய்டு மாத்திரையையும் நிறுத்தியாயிற்று. மாத்திரை நின்றதிலிருந்து முகம் ஊதிக்கொண்டது. உச்சி வெயிலில் குளிர் எடுத்தது. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு எதற்குப் பற்ற வைத்தோம் என்று நிற்பாள்.

கடைசியில் உப்பைக் கண்டுபிடித்தது பாண்டிதுரையின் அக்கா பாண்டிசெல்வி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு கறவை மாடு வைத்துப் பிழைக்கிறவள். அங்கே ஒரு கடையில் ‘அயோடின் சேர்க்காத கல் உப்பு’ என்று அச்சடித்த பாக்கெட்டுகளைப் பார்த்து, இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

“காலையில பாலக் கறந்து ஊத்திட்டு வாரேன். சோறு கொழம்பு வச்சுக் குடுத்துட்டுப் போறேன். நீ அடுப்பாங்கரப் பக்கம் வராத,” என்றாள்.

மதினி இப்படிச் சொன்னால் அது உதவியா அதிகாரமா என்று முனீஸ்வரிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே விளங்கியதில்லை.

பாலும் தயிரும் கூடாது. முட்டை மஞ்சள் கரு கூடாது. மீன், கருவாடு பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. அது போகட்டும் என்றால், கடையில் எதைத் தொட்டாலும் உள்ளே உப்பு ஒளிந்திருந்தது. அப்பளத்தில், ஊறுகாயில், பேக்கரி ரொட்டியில், டப்பா மசாலாவில். பாண்டிசெல்வி மிளகாயும் மல்லியும் வாங்கித் தானே வறுத்துத் திரித்தாள். இன்றைக்குப் பூசணிக்காய், நாளைக்குக் கத்திரிக்காய், மறுநாள் அவரை என்று முதல் நாளே முடிவு செய்து, சந்தையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே பஸ் ஏறினாள். மாட்டுக்காரியான அவளே இந்த வீட்டில் கடுங்காப்பிதான் குடித்தாள்.

இரண்டு சமையல் வேண்டாம் என்று வீடு முழுக்கப் புது உப்புக்கு மாறிவிட்டது. பழைய தூள் உப்பு பாக்கெட்டை முனீஸ்வரி ரப்பர் பேண்டு போட்டு ரவை டின்னுக்குப் பின்னால் வைத்தாள். உப்பை யாராவது வெளியே கொட்டுவார்களா? வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, விளக்கேற்றிய கையோடு உப்பு ஜாடியை விளிம்பு வரைக்கும் நிறைத்து வைக்கிற வீடு அது. ஜாடி காலியானால் வீட்டுக்கு ஆகாது.

மதுரைக்குப் போக நாலைந்து நாள் இருக்கும்போது, கடுங்காப்பி போடலாம் என்று முனீஸ்வரி அடுப்படிக்குள் வந்தாள். மதினி பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். ஜாடி திறந்திருந்தது. முனீஸ்வரி உள்ளே பார்த்தாள். கல் உப்புக்கு நடுவே வெள்ளை வெளேரென்று தூள் உப்பு. விரலை விட்டுக் கிளறினாள். அடி வரைக்கும் தூள்.

“மதினி, இதுல தூள் உப்பு எப்பிடி வந்துச்சு?”

பாண்டிசெல்வி ஜாடியைப் பார்த்தாள். பிறகு முனீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். “எனக்கென்ன தெரியும்?”

“நீங்கதான சமைக்கீங்க?”

“சமைக்கேன். அதுக்கு?”

அந்த வாயெடுத்து மூடியதுதான் முனீஸ்வரிக்குப் போதுமானதாக இருந்தது. ரவை டின்னை இழுத்தாள். பின்னால் பாக்கெட் பாதியாகக் கிடந்தது. அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ, பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“எம்புட்டுப் பாடுபட்டு இருக்கேன்! ஒரு வாய் மோருக்கு ஏங்கிக் கெடக்கேன்! நான் பொழைக்கக் கூடாதுன்னு நெனச்சீங்களா மதினி?”

ஷிப்டு முடிந்து வந்த பாண்டிதுரைக்கு விஷயம் வாசலிலேயே கிடைத்துவிட்டது. “படிச்சுப் படிச்சுச் சொன்னம்லாக்கா? ஒரு உப்ப ஒழுங்காப் போடத் தெரியாதா ஒனக்கு?” என்றான்.

மதுரைக்குப் போன் போட்டார்கள். நர்ஸ் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். அந்தத் தேதி ரத்து. இன்றிலிருந்து மறுபடி முதலிலிருந்து பத்தியம். அதுவரை மாத்திரையும் கிடையாது. இன்னொரு தடவை தப்பினால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பாண்டிசெல்வி கையைக் கழுவிப் பையை எடுத்துக்கொண்டாள். “பருப்புல இன்னும் உப்பு போடல. நீங்களே போட்டுக்கோங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

முனீஸ்வரி தூள் உப்பு பாக்கெட்டைக் கொட்ட மனமில்லாமல் மறுபடி ரப்பர் பேண்டு போட்டு டின்னுக்குப் பின்னால் வைத்தாள். ஜாடியைக் கழுவிக் காயவைத்து, மிச்சமிருந்த புது பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினாள். அடுத்து வந்த நாட்களில் தானே சமைத்தாள். அரிசி களைந்தாளா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடி களைந்தாள். காய் நறுக்கும்போது பாதியில் கண் சொக்கியது. ஆனாலும் ஒரு வீராப்பு இருந்தது. பகையாளி கை படாத சாப்பாடாவது கிடைக்கிறதே.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைக்குக் குளித்தாள். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு விளக்கேற்றினாள். குளிரில் பல் கிட்டியது. அடுப்படியில் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தாள். என்னவோ சரசரவென்று சத்தம் கேட்டது. எங்கே என்று பார்த்தாள்.

அவள் கையில்தான். இடது கையில் ஜாடி மூடி. வலது கையில் தூள் உப்பு பாக்கெட், வாய் கீழே கவிழ்ந்திருந்தது. ஜாடிக்குள் கல் உப்பின் மேல் தூள் குவிந்துகொண்டிருந்தது. ரப்பர் பேண்டு அவளுடைய மணிக்கட்டில் கிடந்தது. டின்னை நகர்த்தியது, பாக்கெட்டை எடுத்தது, ரப்பர் பேண்டைக் கழற்றியது, ஒன்றும் அவளுக்கு ஞாபகமில்லை.

பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் செய்த வேலை. அவள் மறந்தாலும் கை மறக்கவில்லை. அப்படியானால் போன வெள்ளி, அதற்கு முந்தின வெள்ளி? அடுப்படியில் நின்று எத்தனை பேர் காதுபட மதினியைக் கேட்டாள்! வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிடப் பயமாக இருந்தது. காலையில் அடுப்பு இன்னும் பற்ற வைக்கவில்லை, ஒன்றும் வாயில் படவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சத்தம் மட்டும் காதில் விழாமல் போயிருந்தால்?

புருஷனை எழுப்பவில்லை. ஜாடியில் இருந்ததையும் பாக்கெட்டில் இருந்ததையும் ஒரு தூக்குவாளியில் கொட்டி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். ஒரு வாக்கியம் முழுசாக நிற்கவில்லை.

பாண்டிசெல்வி தொழுவத்தில் தொட்டியில் தவிட்டைக் கரைத்துக்கொண்டிருந்தாள். வா என்று கூப்பிடவில்லை.

“மதினி, நாந்தான் போட்டிருக்கேன். இன்னைக்கும் போட்டேன்.”

பாண்டிசெல்வி நிமிராமலே, “தெரியும்,” என்றாள்.

“எப்பிடி மதினி?” என்றாள் முனீஸ்வரி.

“அன்னைக்கு வெள்ளிக்கெழம வாசல்ல செருப்பக் கழட்டுதேன். நீ ஈரத்தலையோட பாக்கெட்டக் கவுத்துக்கிட்டு நிக்க. எது ஆகும் எது ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன். அங்கதான் நான் முட்டாளாப் போனேன். ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.”

“நான் கேட்டப்பவாவது சொல்லிருக்கலாம்லா மதினி?”

“சொன்னா நம்பிருப்பியாட்டி?”

முனீஸ்வரி நம்பியிருக்க மாட்டாள். சீக்காளி மேலேயே பழியைப் போடுகிறாயா என்று தெருவைக் கூட்டியிருப்பாள். பாண்டிதுரையும் கூடச் சேர்ந்து குதித்திருப்பான். அது மதினிக்கும் தெரிந்திருந்தது.

“என் கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது மதினி,” என்றாள். அழுகை வந்துவிட்டது. “அடுத்த வெள்ளி வருதேன்னு பயமா இருக்கு.”

பாண்டிசெல்வி தவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து அந்தக் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தூக்குவாளியை வாங்கி, உப்பு முழுவதையும் ஒரு பழைய பானையில் கொட்டி மூடினாள். “மாட்டுக்குத் தெனமும் ஒரு கை போட்டாத் தீந்துரும். வீணாப் போகாது.”

“புது உப்பும் அதுலதான் கெடக்கு மதினி. வீட்டுல ஜாடி காலியா இருக்கு.”

“கெடக்கட்டும். பஜார்ல மறுபடி சரக்கு வந்திருக்கு. இன்னொரு பாக்கெட்ட வாங்கி என் பையிலயே வச்சுக்கிடுதேன். வரும்போது கொண்டு வாரேன், போகும்போது கொண்டு போறேன். ஒனக்கு மருந்து குடுக்குத வரைக்கும் அந்த வீட்டுல உப்பே இருக்கக் கூடாது.”

அவளும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஜாடி நிறைக்கிறவள்தான். அவள் வீட்டு ஜாடியில் அப்போதும் உப்பு விளிம்பு தட்டியிருந்தது. அதைத் தாண்டி உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து, முனீஸ்வரியோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.