விளக்குக் குச்சி ஒன்றுதான்

அந்தக் கடையில் "போதும்" என்று சொல்கிறவரை கோழி வந்துகொண்டே இருக்கும். இதைக் கொடு, அதைக் கொடு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. உட்கார்ந்தால் தைஷோ ஒவ்வொரு குச்சியாகச் சுட்டு முன்னால் வைப்பார். தின்று முடித்த குச்சியை மூங்கில் குவளையில் போட்டதும் அடுத்தது வரும். "போதும்" என்றால் சின்னக் கிண்ணத்தில் கோழிச் சாறு வரும். அதைக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். எட்டே எட்டு நாற்காலி போட்ட கடையில், சாறு குடித்த பிறகும் உட்கார்ந்திருப்பவரை ஒசாகாவில் யாரும் மனுஷ ஜாதியில் சேர்க்க மாட்டார்கள்.

தைஷோ என்றால் படைத்தலைவர். கோழி சுடுகிறவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்தப் படைத்தலைவரின் படையில் இருந்தது மனைவி சுமியே ஒருத்திதான். அவளும் கட்டளைக்குக் கீழ்ப்படிகிற ரகமில்லை.

மிசாவோ ஓகினோ அங்கே சனிக்கிழமை வாடிக்கை. ஓகினோ குடும்பப் பெயர்; அதோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துத்தான் அந்த ஊரில் எல்லோரையும் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. பொத்தான் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். கல்யாணம் அவளைத் தேடி வந்த காலத்தில் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தபோது அது போய்விட்டிருந்தது. சாப்பாட்டில் குருவி. தொடை, தோல், ஈரல், அதோடு கை கழுவிவிடுவாள். "உங்கள நம்பிக் கடை நடத்தினா கோழிங்கதான் சந்தோஷமா இருக்கும்" என்று சுமியே வாராவாரம் சொல்வாள்.

அவளுக்கு வலப்பக்கத்து நாற்காலி இனுயியுடையது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. மணமாகி, பிரிந்து, பல வருஷமாகத் தனியாக இருப்பவர். இரண்டு வருஷமாக இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, மழையைப் பற்றியும் எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்பதைப் பற்றியும் பேசி வந்தார்கள். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு மிசாவோ மீதி ஆறு நாளையும் ஓட்டினாள். அது அவருக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை சுமியே பொத்தான் வாங்க வந்தாள். வந்தவள் பொத்தானைப் பார்க்காமல் மிசாவோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இனுயி-சானைக் ககோஷிமாவுக்கு மாத்திட்டாங்களாம். திங்கக்கிழமை கிளம்பறாரு. இந்தச் சனிக்கிழமைதான் கடைசி."

"அப்படியா," என்றாள் மிசாவோ. "நல்ல ஊருதான். எரிமலை இருக்கு."

"எரிமலை இருக்கட்டும். நான் ஆறு பொத்தான் கேட்டேன். நீங்க கை நிறைய அள்ளிப் போடறீங்க."

சனிக்கிழமை வந்தது, மழையோடு. மிசாவோ நல்ல ஸ்கர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மனசுக்குள் ஒரு முடிவோடு உட்கார்ந்தாள். சாறு வருவதற்குள் ஏதாவது ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். அவர் பேசினால் நல்லது. பேசாவிட்டால் தான் பேச வேண்டும். அதுவரை "போதும்" என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது, வயிறு வெடித்தாலும் சரி.

"ககோஷிமாவாமே," என்று அவளே ஆரம்பித்தாள்.

"ஆமா. கம்பெனி மாத்தினா போக வேண்டியதுதானே." இனுயி தொடைக்குச்சியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அங்கயும் லிஃப்ட் மேலயும் கீழயும்தான் போகுதாம்."

"அப்ப பழகிடும்."

"பழகிடும்."

தோல் வந்தது, ஈரல் வந்தது. மிசாவோ ஈரல் குச்சியைக் குவளையில் போட்டதும், தைஷோ வழக்கம்போலச் சாற்றுக் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

"அடுத்தது என்ன தைஷோ?" என்றாள் மிசாவோ.

தைஷோவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் முகத்தில் பரவிய சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு வருஷமாக ஈரலைத் தாண்டாதவள் இன்றைக்குத் தன் கைப்பக்குவத்தைப் புரிந்துகொண்டாள் என்று அந்த மனிதர் நம்பிவிட்டார். கரியைக் கிளறி, விசிறியை எடுத்து, யாரோ பட்டம் கொடுத்ததுபோல நிமிர்ந்து நின்று விசிறினார். இரைப்பை வந்தது. கழுத்து வந்தது. குருத்தெலும்பு வந்தது. மிசாவோ ஒவ்வொன்றையும் மென்று விழுங்கி, பக்கத்தில் ஓரக்கண்ணால் பார்த்தாள். இனுயியும் விடாமல் தின்றுகொண்டிருந்தார். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது.

இவருக்கு இன்றைக்கு நல்ல பசிபோல, நடுவில் நான் நிறுத்தினால் மரியாதையாக இருக்காது என்று அவள் நினைத்தாள். இந்த அம்மாள் இப்படி ஆசையாகச் சாப்பிடும்போது நான் முதலில் எழுவதா என்று அவர் நினைத்தார். இரண்டு பேரும் மூச்சு முட்டிப்போய் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். மரியாதையிலேயே சாகிற ஊர் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

"ஓகினோ-சான் இவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்ல," என்றார் இனுயி.

"மழைக்காலம். பசிக்குது."

"எனக்கும் அப்படித்தான்."

பசியாவது ஒன்றாவது. எந்தப் பொத்தான் எவ்வளவு இழுப்புத் தாங்கும் என்பது மிசாவோவுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். தன் ஸ்கர்ட்டின் இடுப்புப் பொத்தானுக்கு இன்னும் ஒரு குச்சிதான் ஆயுசு என்று கணக்குப் போட்டாள். சட்டையை இழுத்துவிடுவதுபோலக் கையைக் கொண்டுபோய், மேஜைக்கு அடியில் அதை மெதுவாகக் கழற்றினாள். கோழியின் வால் வந்தது. கொழுப்பு சொட்டச் சொட்ட அதையும் தின்றாள்.

மற்ற நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாறு குடித்து எழுந்து போனார்கள். கடையில் மீதி இருந்தது இவர்கள் இருவர்தான். குவளைகளில் குச்சிகள் துடைப்பக்கட்டை மாதிரி நின்றன.

"பார்த்தியா?" என்று தைஷோ மனைவியிடம் மெல்லிய குரலில் சொன்னார். அடுப்போரத்தில் மெல்லிய குரல் எல்லோருக்கும் கேட்கும். "இப்பதான் என் கோழியோட ருசி தெரிஞ்சிருக்கு."

"உங்க கோழிக்காகவா உட்கார்ந்திருக்காங்க?" என்றாள் சுமியே. அவள் குரலை மெல்லியதாக்கக்கூட முயற்சி செய்யவில்லை. "அடுப்பப் பாருங்க."

மிசாவோ தொட்டுக்கொள்ள வைத்திருந்த பச்சை முட்டைக்கோஸ் துண்டு ஒன்றைக் கடித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். இனுயி கூரையைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை, புகைதான்.

கடைசியில் தைஷோ விசிறியைக் கீழே வைத்துவிட்டு, குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்து, இரண்டு கைகளையும் விரித்தார். "முடிஞ்சுது. இந்தக் கடை ஆரம்பிச்சதுலேருந்து இப்படி இவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததில்ல. விளக்கு ஒண்ணுதான் இருக்கு."

விளக்கு என்பது கோழி இன்னும் இடாத முட்டையின் மஞ்சள் கரு. கருக்குழலோடு சேர்த்துக் குச்சியில் குத்தினால் காகித விளக்கு மாதிரி தொங்கும். ஒரு கோழிக்கு ஒன்றுதான். அதை அரிந்து பங்கு போட முடியாது, கரு உடைந்துவிடும். ஒரே வாயில் போட்டு ஒரே கடியாகக் கடிக்க வேண்டும். தைஷோ அதைப் பதமாகச் சுட்டு, யார் பக்கமும் சாயாமல் இருவருக்கும் சரி நடுவில் வைத்தார். வைத்துவிட்டுத்தான் செய்த தப்பு அவருக்கே உறைத்தது.

ஒசாகாவில் தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டுக்குக் கூச்சத்துண்டு என்று பெயர். பத்துப் பேர் ஒரு தட்டில் கைவைத்து அடித்துப் பிடித்துத் தின்பார்கள். கடைசித் துண்டு மட்டும் கிடக்கும். அதை எடுக்கிறவன் பேராசைக்காரன். எடுக்காதவன் பசியோடு வீட்டுக்குப் போவான்.

"நீங்க எடுத்துக்கங்க," என்றார் இனுயி.

"ஐயோ, நீங்கதான் ஊரவிட்டுப் போறீங்க. நீங்க எடுத்துக்கங்க."

"இல்லல்ல, எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சு."

"எனக்கும்தான்."

விளக்கு நடுவில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மிசாவோவுக்கு அது வேண்டும் என்றுதான் இருந்தது. அவ்வளவு தின்ற பிறகும் வேண்டும் என்று இருந்தது. ஆனால் கை போகவில்லை. இரண்டு வருஷமாகப் போகாத கை இன்றைக்கா போகும் என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"சூடு ஆறுது," என்றார் தைஷோ வேதனையோடு. "யாராவது ஒருத்தர் சாப்பிடுங்க. ஆறினா அது வெறும் அவிச்ச முட்டை."

"நீங்க..." என்று இனுயி தட்டை அவள் பக்கம் அங்குலம் நகர்த்தினார். அவள் அங்குலம் திருப்பி நகர்த்தினாள்.

சுமியே மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி, குச்சியை எடுத்து, விளக்கை வாயில் போட்டு மென்றாள். நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, குச்சியைத் துடைத்து வைத்தாள்.

"நல்லாருக்கு," என்றாள். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீங்க ரெண்டு பேரும் விட்டுக் கொடுத்துக்கிட்டே இருங்க. நான் சாறு கொண்டு வரேன்."

சாறு. "போதும்" என்று யாரும் சொல்லவில்லையே என்று வாதாடலாம்தான். கோழியே தீர்ந்த பிறகு என்ன வாதம்? சுமியே பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டாள். ஆவி எழுந்தது.

"எனக்கு அது வேணும்னு இருந்தது," என்றாள் மிசாவோ.

அவள் குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. இனுயி திரும்பிப் பார்த்தார்.

"விளக்கா?"

"ஆமா."

"எனக்கும் வேணும்னுதான் இருந்தது."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"நீங்க எடுப்பீங்கன்னு பார்த்தேன்."

மிசாவோ கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "இனுயி-சான், வேற எதையெல்லாம் நான் எடுப்பேன்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

சுமியே கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள். இனுயி, லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே அமைதியான குரலில் சொன்னார்.

"எனக்கு ஈரல் பிடிக்காது. இந்தக் கடைக்கு வந்த முதல் நாளே, அது வர்றதுக்கு முன்னாடி எழுந்துடலாம்னு இருந்தேன். நீங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தீங்க. ரெண்டு வருஷமா ஈரல் சாப்பிடறேன்."

"என் ஈரல் பிடிக்காதா?" என்றார் தைஷோ.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் சுமியே.

மிசாவோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். இத்தனை நாளும் இவர் ஈரலை மென்று முழுங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தும் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது.

இனுயி மேஜையில் ஒரு விரலால் தட்டினார். "சுமியே-சான், அடுத்த மாசம் கடைசிச் சனிக்கிழமை ரயில் ஏறி வந்துடுவேன். நாலு மணி நேரம்தான். ரெண்டு நாற்காலி சொல்லி வெக்கலாமா?"

சுமியே கரண்டியைப் போட்டுவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போனாள். சனிக்கிழமைக் கட்டங்களில் எல்லாம் ஓகினோ ஒரு வரியிலும் இனுயி அடுத்த வரியிலுமாக எழுதியிருந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு திரும்பாமலே கேட்டாள்.

"எப்பவும் போல தனித்தனியா எழுதட்டுமா?"

இனுயியின் காது சிவந்தது. "இல்ல. ஒரே பேர்ல எழுதிடுங்க. இனுயி, ரெண்டு பேருன்னு."

தைஷோ நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நாற்காலிக்கு ஒரே பெயர் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பதிவுக்குப் போனால் இருவரில் ஒருவர் தன் குடும்பப் பெயரை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். யார் விடுவது என்று யாரும் கேட்பது கூட இல்லை, பெண்தான்.

"எழுதாதீங்க," என்றாள் மிசாவோ.

இனுயியின் முகம் தொங்கிவிட்டது. "நான் அவசரப்பட்டுட்டேனா? மன்னிச்சுடுங்க. நான் வேணா..."

"ஓகினோன்னு எழுதுங்க சுமியே-சான். அம்பத்திரண்டு வருஷமா எழுதிப் பழகின பேரு. இப்பதான் ஒரு விளக்க விட்டுக் கொடுத்து ஏமாந்தேன். இதையும் விட மாட்டேன்."

இனுயி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அது மிசாவோவுக்குப் பிடித்திருந்தது.

"லிஃப்ட் மேல யார் பேரு எழுதியிருந்தா என்ன," என்றார் கடைசியில். "மாடிக்குப் போனா சரி."

சுமியே பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஓகினோ, இரண்டு பேர் என்று பெரிய எழுத்தில் எழுதினாள். தைஷோ தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு ரெண்டு கோழி தனியா எடுத்து வெக்கறேன். விளக்கு ரெண்டு. ஈரல் ஒண்ணு."

"போதும் தைஷோ," என்றாள் மிசாவோ.

சாறு வந்தது. இருவரும் சூடாகவே குடித்து முடித்தார்கள். இனுயி எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். மிசாவோ எழவில்லை.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க," என்றாள். "இடுப்புல ஒரு பொத்தான் போட வேண்டியிருக்கு."

இனுயி ஒரு வார்த்தை கேட்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பொத்தான் லேசில் வழிக்கு வரவில்லை. அவள் மூச்சைப் பிடித்து இழுப்பது கேட்டிருக்க வேண்டும்.

"அவசரமில்ல, ஓகினோ-சான்," என்றார் சுவரிடம்.

"இனிமே நீங்களும்தானே ஓகினோ. ஓகினோவே ஓகினோவக் கூப்பிட்டா ஊர் சிரிக்கும். எனக்கு இன்னொரு பேரு இருக்கு."

சுவரைப் பார்த்தபடியே நின்றிருந்தார் இனுயி. பின்கழுத்து முழுக்கச் சிவந்திருந்தது. ரொம்பச் சின்னக் குரலில், சுட்ட குச்சியைத் தொட்டுப் பார்க்கிறவர் மாதிரி, "மிசாவோ-சான்" என்று சொல்லிப் பார்த்தார்.

"என்ன?" என்றாள் அவள். பொத்தான் மாட்டிக்கொண்டது.