கீழுதட்டுக் கண்காட்சி

என் வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆமாம், கேட்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். மூன்று அறை தள்ளி நின்றாலும் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுகிற சத்தம் வரும். இருபது வருஷம் அப்படித் தேய்த்ததில் பல் வெளுக்கவில்லை, ஈறுதான் இறங்கிப்போனது. கீழ் முன்பல் ஒன்று வேர் தெரிய நின்றது.

"இப்படியே விட்டா இந்தப் பல்லு ரொம்ப நாள் தாங்காது" என்றார் பல் டாக்டரம்மா. பக்கத்து ஈறை நகர்த்தி வேரை மூடுவது ஒரு வழி. ஆனால் இவருக்குப் பக்கத்திலும் சதை மெலிந்து கிடக்கிறது. மேலண்ணத்திலிருந்து ஒரு துண்டுச் சதை எடுத்து அங்கே வைத்துத் தைப்பது இன்னொரு வழி.

கேட்ட மனிதர் சும்மா இருப்பாரா? செருப்புக் கடையில் விற்பனையாளர் அவர். கடையில் எல்லாரிடமும் யோசனை கேட்டார். பல்லைப் பற்றி ஆயுளில் ஒரு நிமிஷம் நினைத்திராத ஆட்கள். அவருடைய அண்ணனோ, உப்புத்தண்ணீரில் கொப்பளித்தால் ஈறு தானாக ஏறிவிடும் என்றார். ஏறுமாம், மாடிப்படி ஏறுகிற மாதிரி. கடைசியில் நான் போட்ட சத்தத்தில்தான் மேலண்ணத்துச் சதைக்கு ஒப்புக்கொண்டார்.

தைத்து முடித்ததும் டாக்டரம்மா சொன்னார்: "ரெண்டு வாரம் அந்த இடத்துல பிரஷ் படக்கூடாது. முக்கியமா, உதட்டை இழுத்துப் பாக்கவே கூடாது. தையல் விட்டுடும்." இவர் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

மறுநாளே கண்காட்சி ஆரம்பம். கீழுதட்டை இரண்டு விரலால் பிடித்து முகவாய் வரை இழுத்து, "மேலேருந்து வெட்டிக் கீழ ஒட்டியிருக்காங்க" என்று பெருமை வேறு. மாடிவீட்டுக்காரருக்கு ஒரு தடவை, கடையில் ஆளுக்கொரு தடவை, அண்ணனுக்கு வீடியோ காலில் ஒரு தடவை, வெளிச்சம் போதவில்லையென்று மறுபடியும். செருப்பு வாங்க வந்தவர்கள்கூடத் தப்பவில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று நான் தினமும் கத்தினேன். என்னிடமும் ஒரு தடவை வந்தார். "கொஞ்சம் பாரேன், ஒரு மாதிரி இருக்கு" என்றார். "அந்தக் கண்றாவியை நான் வேற பாக்கணுமா?" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள், ஒட்டிய சதை கழன்று நாக்கில் வந்தது.

"உதட்டை இழுத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். இல்லவே இல்லை என்று இவர் சாதித்தார். நான் விடுவேனா? யார் யாருக்குக் காட்டினார் என்று ஒருவர் விடாமல் ஒப்பித்தேன். கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு மாசம் ஆறட்டும். மறுபக்கத்துலேருந்து சதை எடுத்து இன்னொரு தடவை வைக்கலாம். அதுவும் போச்சுன்னா பல்லைப் பிடுங்கறதைத் தவிர வேற வழியில்ல. இந்தத் தடவை கூடவே ஒருத்தர் இருந்து கவனிச்சுக்கணும்." டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "இவ வேணாம் டாக்டர். நான் அண்ணன் வீட்ல போய் இருந்துக்கறேன்."

யார், அந்த உப்புத்தண்ணீர் அண்ணனா?

"ஏன், இவங்களே பாத்துக்கலாமே?" என்றார் டாக்டரம்மா.

"வலிக்குதான்னு அண்ணன் கேட்டாரு" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

ஒன்பது நாளில் நான் ஒரு தடவையாவது கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை.