நூற்றெட்டுக் கொழுக்கட்டை

யசோதா சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டருக்கு முன்னால் நின்று விரல் வைத்து நாட்களை எண்ணினாள். எண்ணி முடித்தும் நம்பிக்கை வராமல் இன்னொரு தரமும் எண்ணினாள்.

"பதினோரு நாள்தானே ஆவுது. அதுக்குள்ள எப்படிடி மறுபடியும் தூரம்?"

தர்ஷிகா உள்ளே கால் வைக்காமல் பின்வாசல் படியிலேயே நின்றாள். "தெரியல பெரியம்மா. பரீட்சப் பயமோ என்னவோ, முந்திக்கிச்சு."

பொய்தான். பத்தொன்பது வயதில் அவள் துணிந்து சொன்ன முதல் பெரிய பொய். மறுநாள் காலை எட்டரைக்கு உயர்தரப் பரீட்சையின் இரசாயனவியல் வினாத்தாள். பாடத்தில் பாதியை அவள் இன்னும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்படியிலோ எட்டுத் தேங்காயும் வறுத்த அரிசிமாவும் ஊறவைத்த பயறும் அவளுக்காகக் காத்துக் கிடந்தன. யசோதாவின் மகள் சஞ்சீவனிக்கும் அதே பரீட்சைதான். அவள் நன்றாக எழுத வேண்டுமென்று பிள்ளையாருக்கு நூற்றெட்டுக் கொழுக்கட்டை நேர்ந்திருந்தார்கள். விடியற்காலைப் பூசைக்குக் கொண்டுபோக வேண்டும். நேர்ந்துகொண்டது யசோதா. துருவுவதும் கிண்டுவதும் பிடிப்பதும் அவிப்பதும் தர்ஷிகா.

இரண்டு வருடத்துக்கு முன் தெல்தோட்டைப் பக்கம் திருவிழாவுக்குப் போன யசோதா, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று தர்ஷிகாவின் அப்பா கறுப்பையாவிடம் பேசினாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. "கண்டிக்கு அனுப்புங்க. நல்ல பள்ளிக்கூடத்துல சேத்து, எங்க மக மாதிரி வச்சிக்கிறோம்" என்றாள். கறுப்பையா இரண்டு கையும் கூப்பிவிட்டார்.

சொன்ன சொல்லை யசோதா ஒரு எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினாள். ஹந்தானை ஏற்றத்தில் இருந்த அந்த வீட்டில் மகள் படித்தாள், 'மகள் மாதிரி' பாத்திரம் தேய்த்தாள். பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னதும் யசோதாதான், அவளுக்கென்று தனிக் கோப்பையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வைத்ததும் யசோதாதான். படிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் படி என்றார்கள். முடிந்தால்தானே.

பதினோரு நாளைக்கு முன், உயிரியல் பரீட்சை நெருங்கும்போது, தர்ஷிகா நிஜமாகவே தூரமானாள். வீட்டு வழக்கப்படி பின்னாலிருந்த சாமான் அறைக்கு அனுப்பினார்கள். யசோதாவின் கணவர் சுந்தரலிங்கத்தின் இரும்புக் கடையில் விலைபோகாத பெயின்ட் வாளிகள், ஒரு பாய், ஒரு தனித் தட்டு. அலுமாரியைத் தொடக்கூடாது, சட்டி பானையைத் தொடக்கூடாது, அடுப்படிப் பக்கம் தலைகாட்டக்கூடாது. முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள்தான் உறைத்தது, காலையிலிருந்து ஒருவரும் தன் பெயரைக் கூப்பிடவில்லை என்று. மூன்றாம் நாள் முடிவதற்குள் ஐந்து வருடத்து வினாத்தாள்களைச் செய்து பார்த்துவிட்டாள். பெரியம்மா தராத நேரத்தைத் தீட்டு தந்தது. இப்படியும் ஒரு வீடு.

இப்போது யசோதா காலண்டரை விட்டுத் திரும்பினாள். முகம் இறுகியிருந்தது.

"பொய்யின்னு தெரிஞ்சிச்சுன்னா, இப்பவே தெல்தோட்ட பஸ்ஸுல ஏத்தி விட்டிருவேன். அப்புறம் பரீட்சயுமில்ல, ஒரு மண்ணுமில்ல."

அது வெறும் மிரட்டல் இல்லை என்று தர்ஷிகாவுக்குத் தெரியும். அப்பா இருக்கிற தோட்டத்திலிருந்து காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் எட்டரைக்குப் பரீட்சை மண்டபத்துக்கு வந்து சேர முடியாது.

"சாமியறையில கற்பூரம் கொளுத்துறேன். வந்து அடிச்சி சத்தியம் பண்ணு."

தர்ஷிகா மனிதர்களிடம் பொய் சொல்லிவிட்டாள். எரிகிற கற்பூரத்துக்கு முன் சொல்ல நாக்கு வராது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபடி ஒரு காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"வர்றேன் பெரியம்மா. ஆனா தூரமா இருந்துகிட்டு சாமியறைக்குள்ள எப்படி வர்றது? கற்பூரத்த எப்படித் தொடுறது?"

சாமர்த்தியமாகக் கேட்ட கேள்வி இல்லை. வழி தெரியாமல்தான் கேட்டாள். கூடத்தில் கதிரையில் உட்கார்ந்திருந்த சுந்தரலிங்கம் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"சாமி விஷயத்துல வெளையாடாத, யசோதா. நெசமாவே தூரமா இருந்து, அந்தக் கை பட்ட கொழுக்கட்டயப் படைச்சி, நம்ம புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

யசோதா தேங்காய்களைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள்.

"போ. பின்னால போய்க் கிட. எதையும் தொட்டுத் தொலைக்காத."

தர்ஷிகா போனதும் யசோதா தன் மகளைக் கூப்பிட வாயெடுத்தாள். காலையில் பரீட்சை வைத்திருக்கிற பிள்ளையைத் தேங்காய் துருவச் சொல்வது பாவமில்லையா என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு தானே துருவியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் சாமான் அறை வாசலுக்குச் சஞ்சீவனி வந்தாள். தன் மேசை விளக்கைத் தரையில் வைத்துக் காலால் உள்ளே தள்ளினாள்.

"இந்த பல்ப்புல ஒண்ணும் தெரியாது. இத வச்சிக்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமாவாடி?" என்றாள்.

தர்ஷிகா புத்தகத்தைத் திறந்தாள்.

"சரி, நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

காலை ஏழு மணிக்கு யசோதா கோயிலிலிருந்து திரும்பியிருந்தாள். ஆவி பட்டு அவள் விரல்கள் சிவந்து கிடந்தன. மகள் நெற்றியில் திருநீறு பூசி, ஒரு கொழுக்கட்டையைப் பிட்டு வாயில் ஊட்டினாள். தர்ஷிகா முற்றத்தின் மறுகோடியில் நின்று அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தீட்டுக்காரிக்குப் பிரசாதம் இல்லை. பெயின்ட் வாளிகளுக்கு நடுவே பாடம் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்ட மனதுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

"அடுத்த பேப்பர் எப்போ?" தள்ளி நின்றபடியே யசோதா கேட்டாள்.

"வெள்ளிக்கிழம, பெரியம்மா. பிசிக்ஸ்."

யசோதா மனதுக்குள் மூன்று நாள் கணக்குப் பார்த்தாள். "நல்லதாப் போச்சி. வியாழக்கிழம காலையில தலைக்கு ஊத்திட்டு உள்ள வந்திரு. சட்டி பானையெல்லாம் அப்படியே கெடக்கு. உடுப்பு வேற குமிஞ்சி கெடக்கு."

தர்ஷிகா அட்டைகளைப் பைக்குள் வைத்தாள். பின்படலைத் திறந்து வெளியே ஒரு காலை வைத்தபிறகு திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல பெரியம்மா. இந்தத் தடவ அஞ்சி நாள் போகும்போல இருக்கு" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் படலைச் சாத்தினாள்.